அக்கி மாறிய பின்னும் மாறாத நோவு

காலையில் எழுந்து முகங்கழுவி, நெற்றியிலே மூன்று விரலால் திருநீறு பூசிக்கொள்வது நமது இல்லங்களில் நினையாமலே நிகழும் ஒரு செயல். சென்ற ஆண்டு ஆவணி மாதத்திலே ஒருநாள், எழுபது வயதைக் கடந்த எமது மாமியார் அச்செயலை நிறுத்திவிட்டார். இரண்டொரு நாள் நாம் அதனைக் கவனிக்கவில்லை. எமது இளைய மகளே முதலிற் கண்டு, "அம்மம்மாவுக்குச் சுவாமியோடை கோபமோ?" என்று கேட்டாள்.

மாமியார் சிரிக்கவுமில்லை, சினக்கவுமில்லை. "கோபமில்லைப் பிள்ளை. வலப்பக்க நெத்தியிலை விரல் பட்டால் கொள்ளிக்கட்டையாலை இழுத்த மாதிரிக் கிடக்கு" என்றார்.

அதன் பின்னரே நாம் பலவற்றையும் சேர்த்துப் பார்த்தோம். அவர் தலைவாருவதை விட்டிருந்தார். மின்விசிறி சுழலும் அறையில் இருக்க மறுத்தார். முகங்கழுவும்போது வலப்பக்கத்தில் நீர்பட விடுவதில்லை. சேலைத் தலைப்பு நெற்றியில் உராய்ந்தாலும் பல்லைக் கடித்துக்கொள்வார். இரண்டு மாதங்களுக்கு முன்னர் அதே நெற்றியில் அக்கி போட்டிருந்தது. கொப்புளங்கள் உலர்ந்து, பொருக்கு உதிர்ந்து, தழும்பு மாத்திரம் எஞ்சியிருந்தது. வருத்தம் மாறிவிட்டதென்றே நாம் நினைத்திருந்தோம். மாறியது தோலே, நோவு மாறவில்லை.

இந்த நோவினைப் பற்றியும், அதற்குத் தோலின்மேற் பூசியும் ஒட்டியும் செய்யும் சிகிச்சைகளைப் பற்றியும் இங்கே எழுதப் புகுகின்றோம். நாம் வைத்தியரல்லேம். ஒரு வீட்டில் நடந்த பிழைகளைக் கண்டவர், பின்னர் நூல்களைப் புரட்டியவர் என்ற உரிமை மாத்திரமே எமக்குண்டு.

அக்கி என்னும் சொல்லையே முதலிற் பார்ப்போம். அது தீ எனப் பொருள்படும் அக்கினி என்னும் வடசொல்லின் சிதைவாகும். இத்தாலியர் இதே நோயைப் புனித அந்தோனியாரின் நெருப்பு என்பர். நோர்வே நாட்டினர் நரகத்து நெருப்பு என்று பொருள்படும் பெயரால் வழங்குவர். ஒருவரையொருவர் அறியாத மக்கள், தத்தம் மொழியில் ஒரே உவமையைத் தேடிக்கொண்டிருக்கின்றனர். நோயாளி சொன்ன சொல்லே நோயின் பெயராயிற்று என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. கிரேக்கர் மாத்திரம் நோவை விட்டு வடிவத்தை நோக்கி, அரைக்கச்சை எனப் பொருள்படும் 'சொஸ்ரர்' என்ற பெயரை இட்டனர். மார்பிலும் இடுப்பிலும் இந்நோய் ஒரு பக்கமாக அரைக்கச்சையைப்போல் வளைந்து செல்வதே அதன் காரணம்.

இனி, இந்நெருப்பு எங்கிருந்து வருகின்றது? வெளியிலிருந்து அன்று. சிறுவயதிலே நமக்கு அம்மாள் வருத்தம், அதாவது கொப்புளிப்பான் வந்து போயிருக்கும். வேப்பிலை கட்டி, தலைக்கு வார்த்து, அத்துடன் அது போய்விட்டதென்று எண்ணுகின்றோம். அந்நோயை உண்டாக்கிய வைரசு போவதில்லை. அது உணர்ச்சி நரம்புகளின் வழியே ஏறிச் சென்று, முள்ளந்தண்டின் இருமருங்கிலும் மண்டையோட்டின் அடியிலும் உள்ள நரம்புத்திரட்டுகளிலே உறங்கிக் கிடக்கின்றது. முப்பது, நாற்பது, அறுபது ஆண்டுகள் அவ்வாறு கிடக்கலாம். முதுமையினாலோ, வேறு நோயினாலோ, சில மருந்துகளினாலோ உடலின் எதிர்ப்பாற்றல் தளரும்போது அது விழித்து, வந்த வழியே இறங்கித் தோலுக்கு வருகின்றது. நரம்பு எந்தப் பகுதிக்கு உரியதோ அந்தப் பகுதியிலே, அதுவும் ஒரு பக்கத்திலே மாத்திரம், கொப்புளங்கள் தோன்றுகின்றன.

இவ்வுண்மை எளிதிற் கிடைத்ததன்று. 1900ஆம் ஆண்டிலே ஹென்றி ஹெட், அல்பிரெட் கம்பெல் என்னும் வைத்தியர் இருவர், அக்கி கண்டு இறந்தோரின் நரம்புத்திரட்டுகளை ஆராய்ந்து, நோயின் இருப்பிடம் அதுவே என்று காட்டினர். கொப்புளிப்பானும் அக்கியும் ஒரே வைரசின் இரு தோற்றங்கள் என்பதை அமெரிக்கரான தோமஸ் வெல்லர் 1950களிலே ஆய்வுகூடத்தில் நிறுவினார். போலியோ வைரசை வளர்த்த முறைக்காக 1954இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் இவரே. கொப்புளிப்பான் வைரசை அவர் வளர்த்தெடுக்க உதவியது, தம் சொந்த மகனுக்கு வந்த கொப்புளிப்பான்.

எமக்கு இவர்கள் எல்லோரையும்விடப் பிடித்தவர் எட்கார் ஹோப் சிம்சன் என்பவர். அவர் பெரிய ஆய்வுகூடம் எதிலும் இருந்தவரல்லர். இங்கிலாந்தின் சைரன்செஸ்ரர் என்னும் சிற்றூரிலே குடும்ப வைத்தியராக இருந்தவர். 1947 முதல் 1962 வரை 16 ஆண்டுகள், தம்மிடம் வந்த அக்கி நோயாளர் ஒவ்வொருவரையும் குறிப்பேட்டிற் பதிந்துவந்தார். ஆண்டொன்றுக்கு ஆயிரம் பேரில் 3.4 பேருக்கு அக்கி வருகின்றதென்றும், வயது ஏற ஏற அத்தொகை ஏறுகின்றதென்றும் கணக்கிட்டார். உறங்கிக் கிடக்கும் வைரசே மீண்டும் விழிக்கின்றது என்ற கருத்தை அக்கணக்குகளின் துணையுடன் 1965இல் வெளியிட்டார். ஊரிலே மருந்தகம் வைத்திருக்கும் ஒரு வைத்தியர் பேனாவும் பொறுமையும் கொண்டு செய்யக்கூடிய காரியம் எவ்வளவு என்பதை எமது மாணவர்கள் கவனிப்பார்களாக.

முகத்திற்கு வருவோம். முகத்தின் உணர்ச்சியைக் கொண்டுசெல்வது ஐந்தாம் மண்டை நரம்பு. அது மூன்று கிளைகளாகப் பிரிவதால் முக்கிளை நரம்பு என்பர். முதற்கிளை நெற்றி, உச்சந்தலையின் முற்பகுதி, மேலிமை, கண், மூக்கின் நுனி ஆகியவற்றுக்கு உரியது. இரண்டாவது கன்னத்துக்கும் மேலுதட்டுக்கும், மூன்றாவது கீழ்த்தாடைக்கும் உரியன. (முகத்தின் தசைகளை அசைப்பது ஏழாம் நரம்பு. அதனைத் தாக்கும் அக்கியும் உண்டு. அப்போது காதிலே கொப்புளமும் முகத்தில் ஒரு பக்கச் சோர்வும் காணப்படும். அது வேறு கதை.) முகத்திலே அக்கி பெரும்பாலும் முதற்கிளையையே நாடுகின்றது. அது கண்ணுக்குரிய கிளையாதலின் ஆபத்து மிகுதி. ஹட்சின்சன் என்னும் ஆங்கில வைத்தியர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ஓர் அடையாளத்தைச் சொல்லிச் சென்றார்: மூக்கின் நுனியிலோ பக்கத்திலோ கொப்புளம் தோன்றினால், கண்ணும் தாக்கப்படக்கூடும் என்று அறிந்து உடனே கண் வைத்தியரை நாடுக.

எமது வீட்டில் நடந்தது இது. மாமியாருக்கு முதல் மூன்று நாளும் வெறும் தலையிடி. வலப்பக்க நெற்றியில் ஊசி குத்துவதுபோன்ற கடுப்பு. ஒற்றைத் தலையிடி என்று நாமே தீர்மானித்து இரண்டு பனடோல் கொடுத்தோம். நான்காம் நாள் கொப்புளங்கள் எழுந்தன. அயல்வீட்டுப் பெருமாட்டி ஒருவர் வந்து, அக்கி என்று சரியாகவே சொல்லி, காவி மண்ணைக் குழைத்துப் பூசச் சொன்னார். தமிழ்நாட்டிலே காவியினால் சிங்க உருவும் நாய் உருவும் வரைந்து அக்கி எழுதுவதைக் குயவர் ஒரு கலையாகவே செய்துவருகின்றனர். குளிர்ந்த மண் எரிவைச் சற்றே தணிக்கவுங் கூடும். அதனை நாம் பழிக்க வரவில்லை. ஆனால் அதனை நம்பி நாம் கழித்த நாட்கள் திரும்பி வரவில்லை. கொப்புளம் கண்டு ஐந்தாம் நாள், கண்ணிமை வீங்கிய பின்னரே வைத்தியரிடம் போனோம்.

வைத்தியர் மூக்கின் நுனியைத்தான் முதலிற் பார்த்தார். அங்கே கொப்புளம் இல்லை. பெருமூச்சு விட்டபின் எம்மை நோக்கி, "மாஸ்டர், கொப்புளம் கண்டு மூன்று நாளுக்குள்ளை கொண்டுவந்திருக்க வேணும்" என்றார். குரலில் கடுமை இல்லை. அதனாலேயே அது எமக்கு உறைத்தது.

அந்த மூன்று நாளின் பொருள் யாதெனின், அசைக்குளோவிர் முதலிய வைரசு எதிர்ப்பு மருந்துகள், கொப்புளம் தோன்றி 72 மணித்தியாலத்துள் தொடங்கினாலே மிகுந்த பயன் தருகின்றன. பிந்தினாலும் புதிய கொப்புளங்கள் எழுந்துகொண்டிருந்தால், அல்லது கண் தாக்கப்பட்டால், வைத்தியர் அவற்றைக் கொடுப்பதுண்டு. எமது மாமியாருக்கும் கொடுத்தார். கொப்புளங்கள் விரைவில் ஆறவும் கண்ணைக் காக்கவும் அவை உதவும். பின்னர் வரும் நோவை முற்றாகத் தடுக்கும் என்று மாத்திரம் உறுதி கூறுவதற்கில்லை.

கொப்புளம் தோன்றி மூன்று மாதங்களுக்குப் பின்னும் நீடிக்கும் நோவுக்கே அக்கிக்குப் பின்வரும் நரம்பு நோவு என்ற பெயரை இக்காலத்து வைத்தியர் பெரும்பாலும் வழங்குவர். இளைஞருக்கு இது அரிது. அறுபதைக் கடந்தோருக்குப் பெரிது. தொடக்கத்தில் நோவு கடுமையாக இருந்தவர்களுக்கும், கண் பகுதியில் அக்கி கண்டவர்களுக்கும் வாய்ப்பு அதிகம். சிலருக்குச் சில மாதங்களில் தணியும்; சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நிற்கும்.

இந்நோவில் மூன்று வகை உண்டு. இடைவிடாத எரிவு ஒன்று. இடையிடையே மின்னல்போல் வெட்டும் குத்து இரண்டாவது. மூன்றாவதே விசித்திரமானது: நோவு தரக்கூடாத பொருள் நோவு தருவது. காற்று, துணி, தலைமயிர், திருநீற்றுத் தூள். வைரசினாற் சிதைந்த நரம்பிழைகள் தூண்டுதலின்றியே செய்தி அனுப்புகின்றன. அச்செய்திகளை ஓயாமற் கேட்டுக் கேட்டு முள்ளந்தண்டும் மூளையும் கூருணர்ச்சி அடைந்து, மெல்லிய தொடுகையையும் தீயென்று வாசிக்கின்றன. தோலிலே அழுத்தமான காயம் எதுவும் இல்லாதபடியால், வீட்டார் இதனைப் பாசாங்கு என்று எண்ணுவதுண்டு. நாமும் ஒரு நாள், வாய்விட்டுச் சொல்லாவிடினும், அவ்வாறு எண்ணினோம் என்பதை இங்கு ஒப்புக்கொள்கின்றோம்.

வேறொரு மயக்கத்தையும் நீக்கிவிடுவோம். முக்கிளை நரம்பு வலி என்று தனியே ஒரு நோய் உண்டு. அது சில விநாடிகள் மின்சாரம் தாக்கியதுபோல் வெட்டி மறைவது. மெல்லும்போதும் பல் துலக்கும்போதும் வருவது. அதற்கு மருந்து வேறு. இரண்டையும் ஒன்றென்று கருதி ஒருவர் மருந்தை மற்றவர் வாங்கி உண்ணலாகாது.

இனிப் பூச்சுச் சிகிச்சை. இதிலே எம்மைப் போன்ற அரைகுறை அறிவினர் செய்யும் பிழையை முதலிற் சொல்லிவிடுவதே முறை.

வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் ஒருவர், முழங்கால் நோவுக்கென்று கொண்டுவந்த களிம்புக் குழாய் ஒன்று எமது வீட்டு அலுமாரியிற் கிடந்தது. அதிலே கப்சைசின் 0.025 வீதம் என்று அச்சிட்டிருந்தது. கப்சைசின் என்பது மிளகாயின் உறைப்புச் சத்து. அது நரம்பு நோவுக்கு நல்லதென்று நாம் எங்கோ வாசித்திருந்தோம். பட்டதாரி என்ற செருக்கும் சேர்ந்துகொள்ள, மாமியாரின் நெற்றியிலே ஒரு சிறிது பூசினோம். ஆடிக்காற்று ஓய்ந்த புழுக்க நேரம். பத்து நிமிடத்தில் வியர்வையுடன் களிம்பு இமைக்கு இறங்கியது. அவர் கையால் துடைத்தார்; கையிலிருந்து கண்ணுக்குப் போயிற்று. அன்று அந்த வீட்டில் எழுந்த ஓலத்தை நாம் மறக்கமாட்டோம். தண்ணீரை வார்த்து வார்த்துக் கண்ணைக் கழுவிக்கொண்டே வைத்தியசாலைக்கு ஓடினோம். கண்ணுக்குத் தீங்கு நேரவில்லை. "இது முழங்காலுக்கு, மாஸ்டர். கண்ணுக்கு மேலை வைக்கிற சாமான் இல்லை" என்றார் வைத்தியர்.

ஆயினும் மிளகாய் இந்நோவுக்கு மருந்தென்பது பொய்யன்று. இடமறியாமற் பூசியதே பொய். அதன் கதை நமக்குச் சுவையானது. மிளகாய் நமது நாட்டுச் செடியன்று. அமெரிக்கக் கண்டங்களிலிருந்து போர்த்துக்கேயரின் கப்பல்களில் வந்தது. அதற்குமுன் நம் முன்னோர் உறைப்புக்கு மிளகையே நம்பியிருந்தனர். மிளகைப்போல் உறைக்கும் காய் என்பதால் இது மிளகாய் ஆயிற்று. பின்னர் செத்தல் மிளகாய் யாழ்ப்பாணத்துத் தோட்டங்களுக்கே வாழ்வளிக்கும் பயிராயிற்று. அதன் உறைப்புச் சத்தை ஏறக்குறையத் தூய வடிவிற் பிரித்துக் கப்சைசின் என்று பெயரிட்டவர் திரெஷ் என்னும் ஆங்கிலேயர், ஆண்டு 1876.

மிளகாய் ஏன் சுடுகின்றது என்பதற்கு விடை 1997இலேயே கிடைத்தது. நோவை உணரும் நரம்பு நுனிகளிலே ஒரு புரதக் கதவு உண்டு. ஏறக்குறைய 43 பாகை வெப்பத்தில் அது திறந்து, சுடுகின்றது என்று மூளைக்கு அறிவிக்கும். கப்சைசினும் அதே கதவைத் திறக்கின்றது. ஆகவே மிளகாய் உறைப்பது சுவையன்று. நரம்புக்கு அது உண்மையான சூடே. இதனைக் கண்ட அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸ் 2021இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். கதவு நெடுநேரம் திறந்தே கிடக்குமாயின், அளவுக்கு மிஞ்சிய கல்சியம் உள்ளே புகுந்து அந்த நரம்பு நுனி செயலிழந்து சுருங்கிவிடும். வாரங்களோ மாதங்களோ சென்று மீண்டும் வளரும். அந்த இடைக்காலமே நோயாளிக்குக் கிடைக்கும் ஓய்வு. நெருப்பை நெருப்பால் அணைப்பது என்பது இங்கே வெறும் பேச்சன்று.

இந்நோவுக்குக் கப்சைசின் களிம்பு 0.075 வீத வலிமையில், நாளொன்றுக்கு மூன்று நான்கு முறை, பல வாரம் தொடர்ந்து பூசப்படுகின்றது. ஆரம்பத்தில் எரிவைத் தாங்காமல் நிறுத்திவிடுவோர் பலர். 8 வீத வலிமையுள்ள ஒட்டுப்பட்டை ஒன்றும் 2009இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அங்கீகாரம் பெற்றது. அதனை வீட்டில் வைத்து ஒட்ட முடியாது. மருத்துவமனையில், கையுறை அணிந்தவர்கள், தோலை முன்னரே மரக்கச் செய்து, ஒரு மணித்தியாலம் ஒட்டி எடுப்பர். முகத்திலும் தலையிலும் அதனைப் பயன்படுத்தலாகாது என்று அதன் குறிப்பிலேயே எழுதப்பட்டுள்ளது. எனவே முகநோவு உடையோருக்கு மிளகாயின் வழி பெரும்பாலும் அடைபட்ட வழியே.

மிளகாயைக் கையாளும் இல்லத்தரசிகளுக்கு ஒரு சொல். கப்சைசின் நீரிற் கரையாது. நெய்யிலும் எண்ணெயிலும் கரையும். கை எரியும்போது தேங்காயெண்ணெய் தடவித் துடைத்துப் பின்னர் சவர்க்காரம் இடும் நம் பாட்டிமாரின் வழக்கம் இரசாயன முறைப்படி சரியானதே. ஆனால் கண்ணில் பட்டால் எண்ணெய் வேண்டாம். சுத்தமான நீரால் நெடுநேரம் கழுவுதலே வேண்டும்.

முகத்துக்கு ஏற்ற பூச்சு மற்றொன்று. அது லிக்னொகேன், லிடொகேன் என்றும் வழங்கும். பல் பிடுங்குமுன் முரசில் ஊசியாக ஏற்றும் மருந்து அதுவே. 1943இல் சுவீடன் நாட்டிலே நில்ஸ் லோப்கிரென் என்பவர் அதனைச் செய்தார். அவரது இளைய தோழர் பெங்ட் லுண்ட்குவிஸ்ட் தமது உடம்பிலேயே ஊசியேற்றிச் சோதித்தார். 1948இல் அது சந்தைக்கு வந்தது.

நரம்பிலே செய்தி ஓடுவது, சோடியம் அயன்கள் உள்ளே பாயும் நுண்வாயில்கள் திறப்பதனால். சிதைந்த நரம்பிலே இவ்வாயில்கள் காரணமின்றித் திறந்து திறந்து மூடுகின்றன. லிக்னொகேன் அவற்றை அடைக்கின்றது. ஊசியில் ஏற்றினால் முழு மரப்பு. தோலின் மேல் வைத்தாலோ, சிறிதளவே உட்செல்வதால், தொடுகையுணர்வு பெரும்பாலும் அப்படியே இருக்க, தவறி முழங்கும் நரம்புகள் மாத்திரம் அடங்குகின்றன. மரப்பின்றி நோவு குறைவதே இதன் சிறப்பு.

இம்மருந்தை 5 வீதம் கொண்ட ஒட்டுப்பட்டையை 1999இல் அமெரிக்க அரசு அங்கீகரித்தது. அக்கிக்குப் பின்வரும் நரம்பு நோவுக்கென்றே அங்கு அங்கீகாரம் பெற்ற முதல் மருந்து அது. பட்டை 10 சென்ரிமீற்றர் அகலமும் 14 சென்ரிமீற்றர் நீளமும் உடையது. 700 மில்லிகிராம் மருந்து அதில் உண்டு. 24 மணித்தியாலத்தில் 12 மணித்தியாலம் ஒட்டி, மிகுதி நேரம் தோலுக்கு ஓய்வு கொடுக்கவேண்டும். ஒரே வேளையில் மூன்றுக்கு மேல் ஒட்டலாகாது. மேற்றாளை உரிக்குமுன் கத்தரிக்கோலால் வேண்டிய வடிவில் வெட்டிக்கொள்ளலாமாதலின், நெற்றிக்கும் கன்னத்துக்கும் பொருந்தும். மருந்தில் ஏறக்குறைய 3 வீதமே உடலிற் சேரும். இதற்கு மறுபக்கமும் உண்டு: கழற்றி எறிந்த பட்டையில் பெரும்பங்கு மருந்து எஞ்சியிருக்கும். குழந்தையோ வீட்டு நாயோ அதனை வாயிலிட்டால் ஆபத்து. மடித்து ஒட்டி, கைக்கெட்டாத இடத்தில் எறிதல் வேண்டும்.

இதன் பயனைப் பற்றி அறிஞர் என்ன சொல்கின்றனர்? 1996இல் வெளிவந்த ஓர் ஆய்விலே மருந்துள்ள பட்டையையும், மருந்தில்லாத வெறும் பட்டையையும், ஒன்றும் ஒட்டாத நிலையையும் ஒப்பிட்டனர். மருந்துப் பட்டை முதலிடம் பெற்றது; ஆனால் வெறும் பட்டையும் ஒன்றும் ஒட்டாததைவிட நன்மை செய்தது. காற்றும் துணியும் படாமற் காத்தமை ஒரு காரணமாதல் கூடும். 2014இல் கொக்ரேன் குழுவினர் கிடைத்த ஆய்வுகளையெல்லாம் நிறுத்துப் பார்த்து, உயர்தரமான சான்று போதாது, ஆயினும் தனித்தனி ஆய்வுகளும் வைத்தியரின் அனுபவமும் சில நோயாளருக்குப் பயனுண்டென்று காட்டுகின்றன என்றனர். எல்லோருக்கும் பலிக்கும் மருந்தென்று விற்பவனை நம்பாமலும், பயனற்றதென்று ஒதுக்குபவனை நம்பாமலும் நடுவே நிற்க வேண்டியவர்களாகின்றோம்.

எமது மாமியாருக்கு வைத்தியர் எழுதிக் கொடுத்தது பட்டையன்று. 5 வீத லிக்னொகேன் களிம்பு. அவர் சொன்ன விதிகளை மனைவி ஒரு தாளில் எழுதிச் சுவாமி அறையில் ஒட்டிவைத்தாள். புண்ணோ கீறலோ இல்லாத தோலில் மாத்திரம் பூசுதல். பயறளவு எடுத்து, புருவத்துக்கு மேலே மயிர்நுனி வரை மாத்திரம் தடவுதல். தடவியவர் உடனே கைகழுவுதல். அதன்மேல் வெந்நீர் ஒத்தடம் கூடாது; சூடு மருந்தை மிகுதியாக உள்ளே இழுத்துவிடும். நாளுக்கு இத்தனை முறை என்றால் அத்தனைதான். நோகின்றதென்று மேலும் மேலும் அப்பலாகாது. இதயத் துடிப்பு ஒழுங்கீனத்துக்கு மருந்து உண்போரும், பல் வைத்தியரிடம் மரப்பு ஊசியால் முன்னர் ஒவ்வாமை கண்டோரும் அதனை முதலிலேயே சொல்லவேண்டும் என்றும் அவர் விசாரித்தார்.

கண்ணுக்குள் இது போய்விட்டால் மிளகாயைப்போல் எரியாது. அதனாலேயே இது ஒருவகையில் மிளகாயைவிடக் கள்ளத்தனமானது. கண் மரத்துப்போய், தூசி விழுந்தாலும் தெரியாமற் போகும். ஆதலின் தடவிய பின் அரை மணித்தியாலம் அவர் சாய்ந்த கதிரையில் இருக்க, பேர்த்தி பக்கத்தில் காவல் இருப்பாள். அந்த அரை மணித்தியாலத்திலே இராமாயணக் கதை பாலகாண்டத்திலிருந்து கிட்கிந்தை வரை போய்விட்டது.

பூச்சு மாத்திரம் போதாது என்பதையும் சொல்லவேண்டும். 2015இல் வெளியான சர்வதேசப் பரிந்துரையிலே, அமித்திரிப்ரிலின் வகை மருந்துகள், கபபென்ரின், பிரிகபலின் முதலியவை முதல் வரிசையிலும், லிக்னொகேன் பட்டையும் மிளகாய்ப் பட்டையும் இரண்டாம் வரிசையிலும் வைக்கப்பட்டுள்ளன. ஆயினும் உட்கொள்ளும் மருந்துகள் முதியோருக்குத் தலைச்சுற்று, மயக்கம், வாய்வறட்சி ஆகியவற்றைத் தரும். இரவில் எழுந்து விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டோரும் உளர். உடலுக்குள் பெரிதும் சேராத பூச்சு மருந்தின் அருமை அங்கேதான் தெரிகின்றது. மாமியாருக்கு இரவில் 10 மில்லிகிராம் அமித்திரிப்ரிலினும், பகலில் களிம்பும் என்று இரண்டையும் சிறு அளவில் இணைத்தார் வைத்தியர்.

அயலார் சிலர் அஸ்பிரின் வில்லையைத் தூளாக்கிக் குளோரபோமிற் கரைத்துப் பூசுவதைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கலாம். 1980களில் அமெரிக்க வைத்தியர் ஒருவர் அதனை எழுதியது உண்மையே. குளோரபோமின் ஆவி தீங்கானது. வீட்டில், அதிலும் கண்ணுக்கருகில், அதனை முயலாதீர்கள்.

வருமுன் காக்கும் வழியும் இப்போது உண்டு. 2017இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற ஷிங்றிக்ஸ் என்னும் தடுப்பூசி, 50 வயதைக் கடந்தோருக்கு இரண்டு முதல் ஆறு மாத இடைவெளியில் இருமுறை ஏற்றப்படுவது. ஆய்வுகளில் 90 வீதத்துக்கு மேல் அக்கியைத் தடுத்தது. விலை இலேசானதன்று. வீட்டில் முதியோர் இருப்போர் தம் வைத்தியரை விசாரிக்கலாம். இன்னொன்று: அக்கி கண்டவரிடமிருந்து மற்றவருக்கு அக்கி தொற்றாது, ஆனால் கொப்புளிப்பான் வராத ஒருவருக்கு, கொப்புள நீரிலிருந்து கொப்புளிப்பான் தொற்றும். வெப்ப நாடுகளிலே பலர் சிறுவயதில் அந்நோய் காணாமலே வளர்ந்துவிடுவதால், கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் பொருக்கு உலரும்வரை விலக்கி வைப்பது நம் நாட்டில் மிகவும் வேண்டியது.

களிம்பு தொடங்கி மூன்றாம் கிழமை மாமியார் மின்விசிறியின் கீழ் வந்து அமர்ந்தார். ஐப்பசியில் தலைவாரினார். எரிவு போய்விட்டதா என்று கேட்டோம். "போகேல்லைத் தம்பி. ஆனால் அது ஒரு பக்கத்திலை கிடக்க, நான் என்ரை வேலையைப் பாக்கக் கூடியதாய்க் கிடக்கு" என்றார்.

கார்த்திகை விளக்கீட்டன்று அவர் திருநீறு பூசியிருந்ததைக் கண்டோம். மூன்று கோடுகளும் இடப்பக்கத்திலிருந்து புறப்பட்டு, நெற்றியின் நட்ட நடுவிலே நூல் பிடித்ததுபோல் நின்றிருந்தன. அந்த நரம்பின் எல்லை அதுதான் என்று எந்த உடற்கூற்று நூலும் இத்துணைத் துல்லியமாக எமக்குக் காட்டியதில்லை. இப்போது மாசி மாதம். கோடுகள் நடுவைக் கடந்து ஒரு விரற்கடை தூரம் வலப்பக்கம் போயிருக்கின்றன. சின்னவள் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அளந்து பார்த்து எமக்குச் சொல்கின்றாள்.